நாற்பத்தொன்றாம் குழாய்

சின்னக்கல் தோட்டத்தில் தனுஜாவை எல்லோரும் டாக்டர் புள்ள என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் டாக்டர் இல்லை. அதை எத்தனை தடவை சொன்னாலும் ஒருவரும் காதில் வாங்கிக்கொள்வதாயில்லை. விடுமுறைக்கு வந்து பையை இறக்கி வைத்த அரை மணிக்குள் யாராவது ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வரிசைவீட்டு லயத்து வாசலில் வந்து நிற்பார். தான் படித்தது உயிர் இரசாயனவியல், இப்போது செய்வது நிர்ப்பீடனவியல் ஆராய்ச்சி, உடம்புக்குள் வேண்டாத பொருள் நுழைந்தால் உடம்பு அதை எப்படி எதிர்க்கிறது என்று பார்க்கிற வேலை என்று அவள் விளக்குவாள். வந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் முழங்காலுக்கு எதைப் பூசலாம் என்பார். அம்மா அழகம்மாவுக்காவது புரியவைக்கலாம் என்று பார்த்தால் அவள் ஒரே கேள்வியில் மகளை மடக்கிவிடுவாள்: "டாக்டர் இல்லேன்னா எதுக்கு ஊரெல்லாம் ரத்தம் எடுக்குற?"

ரத்தம் எடுத்தது உண்மை. தனுஜாவின் கலாநிதிப் பட்ட ஆய்வு குளவிக் கொட்டைப் பற்றியது. தலவாக்கலைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் குளவி கலைந்தது என்ற செய்தி இல்லாத வருசம் கிடையாது. ஒரே கூட்டிலிருந்து கிளம்பிய குளவிகள் ஒரே வரிசையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பத்துப் பேரைக் கொட்டும். எட்டுப் பேர் முகம் வீங்கி, இரண்டு நாள் படுத்து, மூன்றாம் நாள் மலைக்குப் போய்விடுவார்கள். ஒருவருக்கு மூச்சு முட்டும். ஒருவர் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே முடிந்துபோவார். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் பழைய கொட்டின் விஷத்தை எதிர்த்து ரத்தத்தில் ஏற்கெனவே உருவாகியிருக்கிற ஒருவகைப் பிறபொருளெதிரி. யாருடைய ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்தால் அடுத்த கொட்டு யாருக்கு ஆபத்து என்று ஓரளவாவது சொல்ல முடியுமா? இதுதான் அவளுடைய கேள்வி.

கேள்வி சுலபம். மற்றதெல்லாம் இழுபறி. வெளிநாட்டிலிருந்து வரும் பரிசோதனைப் பெட்டிகள் வெளிநாட்டுக் குளவியின் விஷத்துக்குச் செய்தவை. சின்னக்கல் குளவிக்கு அவை சரிப்பட்டு வரவில்லை. ஆகவே விஷத்தை அவளே எடுக்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் கூடு அழிக்கப் போகிற வீரய்யா, செத்த குளவிகளை பால்மா டின்னில் போட்டு அனுப்பி வைப்பார். ஆய்வுகூடத்தில் தனுஜாவும், தொழில்நுட்ப உதவியாளர் றம்ஸியாவும் அவற்றின் வயிற்றைக் கீறி, கடுகளவு விஷப்பையை ஊசிமுனையால் பிரித்தெடுப்பார்கள். இருநூறு குளவிக்கு ஒரு துளி தேறும். அதிலிருந்து புரதத்தைப் பிரித்துச் சுத்தப்படுத்த ஒன்றரை வருசம் போனது. அந்த ஒன்றரை வருசத்துக்குள் இரண்டு தடவை தோட்ட நிர்வாகம் அனுமதியை ரத்துச் செய்து மறுபடி கொடுத்தது. நட்டஈடு கேட்டு வழக்குப் போடுவதற்கு ஆள் சேர்க்கிறாளோ என்று தோட்ட மேனேஜர் தொரைக்குச் சந்தேகம்.

கடைசியில் 2021-ஆம் வருசத்து ஞாயிற்றுக்கிழமைகளில், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் மேசை போட்டு, டவுனிலிருந்து ஒரு தாதியைக் கூட்டி வந்து, முன்பு குளவி கொட்டிய அறுபத்துநான்கு பேரிடம் ரத்தம் எடுத்தாள். ஒவ்வொருவரிடமும் ஒரு படிவத்திலிருந்து கேள்வி கேட்டாள். எத்தனை தடவை கொட்டியது, எங்கே வீங்கியது, மயக்கம் வந்ததா, மூச்சு முட்டியதா.

நாற்பத்தொன்றாவதாக உட்கார்ந்தவள் ஜீவராணி. பள்ளிக்கூடத்தில் சாதாரணதர வகுப்புவரை தனுஜாவுக்குப் பக்கத்து மேசை. கணக்கில் இவளைவிடக் கெட்டி. அப்பா படுத்த படுக்கையானதும் பள்ளிக்கூடத்தை விட்டுக் கூடையை மாட்டிக்கொண்டவள். அதே லயத்தில் நான்கு காம்பரா வீடு தள்ளிக் குடியிருந்தாள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே, "எடு எடு. தோட்டத்துக்குக் குடுத்தது போக மிச்சம் இருந்தா எடுத்துக்க" என்றாள். மயக்கம் வந்ததா என்ற கேள்விக்கு, வெறும் வீக்கம்தான் என்றாள். தனுஜா அதை அப்படியே குறித்துக்கொண்டாள்.

மறுவருசம் நாட்டில் டொலரும் இல்லை, டீசலும் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று கரண்ட் போனது. பல்கலைக்கழகத்து ஃப்ரீஸரில் ரத்தம் வைத்த குழாய்கள் இளகத் தொடங்கினால் மூன்று வருச வேலை சாக்கடைக்குப் போகும். நல்லகாலமாக ஒரு பத்துக் குழாயின் மறுபாதியை முன்பே கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வைத்திருந்தாள். மீதியை எங்கே கொண்டுபோவது? தெரிந்த குளிர்களஞ்சியக்காரர்கள் எல்லோரையும் கேட்டாள். மனுச ரத்தம் என்றதும் போனை வைத்தார்கள். பல்கலைக்கழக நிர்வாகம், ஜெனரேட்டருக்கு டீசல் கேட்டு அவள் எழுதிய கடிதத்துக்கு, உரிய பிரிவின் ஊடாக விண்ணப்பிக்கவும் என்று பதில் போட்டது. உரிய பிரிவு எது என்று அந்தக் கடிதத்தில் இல்லை.

றம்ஸியாதான் தன் மாமா ராசிக்கைக் கேட்டாள். தலவாக்கலையில் மீனும் ஐஸ்கிறீமும் விற்கிறவர். சொந்த ஜெனரேட்டர், கையில் கொஞ்சம் டீசல். பெண்கள் இருவரும் ரெஜிஃபோம் பெட்டியில் ஐஸை நிரப்பி, குழாய்களை அடுக்கி, ரயிலில் நான்கு மணி நேரம் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார்கள். ராசிக் நானா பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஐஸ்கிறீம் ஃப்ரீஸரின் அடித்தட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு, "மேல நல்லா எழுதி ஒட்டுங்க மகள். கடைப் பொடியன்மார் சாமான் எண்டு தூக்கிக் குடுத்திருவானுகள்" என்றார். ஏழு வாரம் அங்கே இருந்தது.

பிறகு ஒரு முக்கியமான இரசாயனம் சுங்கத்தில் எட்டு மாதம் கிடந்தது. 2023 மார்ச்சில்தான் முடிவுகள் கைக்கு வந்தன. அறுபத்துநான்கில் ஏழு பேருக்கு அளவு உயர்ந்திருந்தது. எல்லாவற்றிலும் உச்சம் நாற்பத்தொன்று. இயந்திரம் பிழை செய்கிறதோ என்று மூன்று முறை திருப்பிப் பார்த்தாள். மூன்று முறையும் அதே. கொழும்பில் இருந்த மறுபாதிகளில் நாற்பத்தொன்றும் ஒன்று. அதை வரவழைத்துப் பார்த்தாள். அதுவும் அதே.

அன்றைக்கே தன் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியையிடம் போய், இந்த ஏழு பேரிடமும் சொல்லியாக வேண்டும் என்றாள். பேராசிரியை நல்ல மனுசி. ஆனாலும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். இது ஆய்வுக்கான சோதனை, நோய் கண்டறிய அங்கீகாரம் பெற்ற சோதனை இல்லை. அளவு உயர்ந்திருக்கிற எல்லோருக்கும் ஆபத்து என்றும் இல்லை, பலர் கொட்டு வாங்கி வீக்கத்தோடு தப்பிவிடுகிறார்கள். போதாததற்கு, ஆரம்பத்தில் அவர்களிடம் கையெழுத்து வாங்கிய படிவத்தில், முடிவைத் திருப்பிச் சொல்வோம் என்று ஒரு வரியும் கிடையாது. அந்தப் படிவத்தைத் தனக்கு முன் படித்த மாணவன் ஒருவனுடையதிலிருந்து பார்த்து எழுதியவள் தனுஜாவேதான். அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று அவளுக்கே தன்மேல் கோபம் வந்தது. இனி நெறிமுறைக் குழுவிடம் போய்த் திருத்தத்துக்கு அனுமதி வாங்க வேண்டும்.

ஏப்ரலில் விண்ணப்பித்தாள். குழு மாதம் ஒருமுறை கூடும். ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை, கூடவில்லை. மே மாதம் கூடியது, வரவேண்டிய எண்ணிக்கைக்கு ஒருவர் குறைந்தார். ஜூனில், முடிவைச் சொல்லும் கடிதத்தின் தமிழ் வடிவம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரால் உறுதிப்படுத்தப்படவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தமிழை எழுதியவள் அவள். அதுதான் மூலம், ஆங்கிலம்தான் மொழிபெயர்ப்பு. அதை விளக்கி எழுதிய கடிதத்துக்கு, மூன்று பிரதிகள் தேவை என்று பதில் வந்தது. நாவலப்பிட்டியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்தாள். அவர் அவளுடைய தமிழை அவளிடமே வாசித்துக் காட்டி, மலைக்கு என்ற இடத்தில் மலையகத் தேயிலை நிலத்திற்கு என்று மாற்றி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

அதற்கிடையில் நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கு நேர்முகம் வந்தது. நான்கு வருசமாக அவள் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும், புதுப்பிக்கிறவரை சம்பளம் நிற்கும். நேர்முகத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வு அருமையாக இருக்கிறது, ஆனால் இன்னும் ஒரு கட்டுரைகூட வெளிவரவில்லையே என்று ஒருவர் அக்கறையாகவே கேட்டார். அவளுடைய கட்டுரை அப்போது ஒரு சஞ்சிகையில் நிலுவையில் இருந்தது. மனித மாதிரிகளை மீன் ஃப்ரீஸரில் வைத்ததாக எழுதியிருக்கிறீர்களே, இது எழுத்துப் பிழையா என்று மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார். அதை இந்த ஐவரிடம் எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல், வந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். பதவி ஜப்பானில் படித்துத் திரும்பிய ஒருவருக்குப் போனது. அவருக்கு நான்கு கட்டுரைகள். அதில் அநியாயம் என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

அனுமதிக்குக் காத்திருந்த மாதங்களில், விதியை மீறாமல் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. அறுபத்துநான்கு பேரையும் மடுவத்துக்கு அழைத்துப் பொதுவாகப் பேசினாள். குளவி கொட்டி மயக்கமோ மூச்சு முட்டலோ வந்தவர்கள் யாராயிருந்தாலும் அடுத்த கொட்டை அலட்சியமாக எடுக்கக்கூடாது, கட்டாயம் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்றாள். ஜீவராணி முன்வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த முறுக்கை மடித்துப் பிள்ளைக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒருவரும் எழுந்து வரவில்லை.

செப்டெம்பரில் மேல்பிரிவில் குளவி கலைந்து பதினொரு பேரைக் கொட்டியது. விரிவுரை நடுவில் அம்மா போன் பண்ணினாள். யார் யாரை என்று தனுஜா கேட்டாள். அம்மா ஒவ்வொரு பெயராக, அவரவர் குடும்ப விவரத்தோடு சொல்லிக்கொண்டு போனாள். ஜீவராணி என்று ஒரு சொல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு தனுஜா நடைபாதையில் நின்றாள். ஜீவராணி அன்றைக்கு மகனின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குத் தலவாக்கலைக்குப் போயிருந்தாள். போனை வைத்ததும் தனுஜா நேராக நெறிமுறைக் குழுவின் செயலாளர் அறைக்குப் போய், இன்றைக்குப் பதில் தெரியாமல் எழுந்திருக்கப்போவதில்லை என்று சிங்களத்தில் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். செயலாளர் பயந்துபோய்த் தேநீர் வரவழைத்தார். அக்டோபர் கூட்டத்தில் அனுமதி வந்தது.

அந்தச் சனிக்கிழமையே ஊருக்கு வந்தாள். முதலில் நாற்பத்தொன்று. ஜீவராணி பைப்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தனுஜா முத்திரை குத்திய கடிதத்தை நீட்டி, பிறபொருளெதிரி, அளவு, வாய்ப்பு என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள். ஜீவராணி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாளே தவிரக் கடிதத்தை வாங்கவில்லை.

"இது எனக்குத் தெரியுமே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"போன தடவ கொட்டுனப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வந்து தண்ணி ஓடுற வாங்கிக் கான்ல விழுந்துட்டேன். தொண்டை அடைச்சிப்போச்சு. கூட நின்ன நிஷாந்தி அக்காதான் தூக்கி ஒக்கார வச்சிச்சு. கொஞ்ச நேரத்துல சரியாயிருச்சு."

தனுஜா கடிதத்தை மடித்தாள். "நான் கேட்டேனே ஜீவா. மயக்கம் வந்துச்சான்னு கேட்டேன். வீக்கம் மட்டும்தான்னு நீதானே சொன்ன?"

"நீயா கேட்ட? படிவம் கேட்டுச்சு. பக்கத்துல கண்டாக்கையா நின்னுக்கிட்டு இருந்தாரு. மயக்கம் வந்துச்சுன்னு சொன்னா மலைக்கு வராதேம்பாங்க. வேற வேலையும் குடுக்க மாட்டாங்க. அப்புறம் எனக்கு யாரு பேரு போட்டுச் சம்பளம் குடுப்பா?" ஜீவராணி துணியை முறுக்கிப் பிழிந்தாள். "மூணு வருசமா என் ரத்தத்த ரயில்ல ஏத்தி எறக்குனதுக்கு, ஒரு நாளு இங்கன வந்து தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

மேற்பார்வைக்கென்று, மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு அந்த ஞாயிறுகள் முழுக்க மடுவத்தில்தான் நின்றார். நிர்வாகம் அனுமதி தந்தபோது போட்ட நிபந்தனை அது. தனுஜா அதைக் கவனித்திருக்கிறாள், ஆனால் பொருட்படுத்தவில்லை. விஷத்தைச் சுத்தப்படுத்த ஒன்றரை வருசம் செலவழித்தவள், கேள்வியை யார் முன்னால் கேட்கிறோம் என்று ஒரு நிமிசம் யோசிக்கவில்லை. இத்தனை நாள் குழுவின்மீதும் சுங்கத்தின்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் பட்ட எரிச்சல் எல்லாம் ஒன்றாய்த் திரண்டு அவள்மேலேயே திரும்பியது. அவள் துணியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிய உதவினாள்.

திங்கட்கிழமை இருவரும் தோட்டத்து ஆபீசுக்குப் போனார்கள். ஜீவராணிக்கு மலைவேலையைத் தவிர்த்து வேறு வேலை வேண்டும் என்று தனுஜா கேட்டாள். ஆஸ்பத்திரி அத்தாட்சி இல்லாமல் முடியாது என்றார் தொரை. ஆஸ்பத்திரியில் எழுத்தர், அத்தாட்சிக்குப் பரிசோதனை அறிக்கை வேண்டும் என்றார். அந்தப் பரிசோதனை இங்கே செய்வதில்லை, எங்கே செய்கிறார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. நான்தான் செய்கிறேன் என்றாள் தனுஜா. அது அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டார். இல்லை என்றாள். ஜீவராணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எனக்கு ரெண்டு மணிக்குக் கொழுந்து நிறுக்கணும் என்று முணுமுணுத்தாள்.

கடைசியில் வெளிநோயாளர் பிரிவில் ஓர் இளம் டாக்டர், அவரும் சலித்துப் போயிருந்தவர்தான், என்ன இங்கே சத்தம் என்று உள்ளே கூப்பிட்டார். தனுஜா ரத்த அளவுகளைக் காட்டும் வரைபடத்தை எடுக்கப் போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஜீவராணியைப் பார்த்து, குளவி கொட்டினால் என்ன ஆகும் என்று கொச்சைத் தமிழில் கேட்டார். ஜீவராணி கண் இருட்டியதையும் தொண்டை அடைத்ததையும் சொன்னாள். டாக்டர் பேனாவை எடுத்தார். இந்த வரலாறே போதும், பரிசோதனை எதற்கு என்று சொல்லிக்கொண்டே பத்து நிமிசத்தில் அத்தாட்சியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொட்டினால் உடனே போட்டுக்கொள்ளும் ஊசிக்கும் மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். தனுஜா வரைபடத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்யவில்லை.

ஆனாலும் அந்த வரைபடம் இல்லாவிட்டால் தான் ஜீவராணியிடம் தனியாகப் போய்ப் பேசியிருக்கவே மாட்டாள் என்பது திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்குத் தோன்றியது. மற்ற ஆறு பேரையும் ஒவ்வொருவராக அவரவர் வீட்டில் போய்ப் பார்த்தாள். இரண்டு பேர் மயங்கி விழுந்ததை மறைத்திருந்தார்கள். நான்கு பேருக்கு நிஜமாகவே ஒன்றும் ஆனதில்லை. அவர்களிடம் என்ன சொல்வது என்று அவளுக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. கவனமாக இருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். மீதி ஐம்பத்தேழு பேரையும் தனியாகச் சந்தித்து மறுபடி கேட்க வேண்டும் என்று குழுவுக்கு இன்னொரு விண்ணப்பம் போட்டாள். இந்தத் தடவை மூன்று பிரதி, முத்திரையோடு. நான்கு மாதம் ஆனது.

கட்டுரை 2024 கடைசியில் வெளிவந்தது. ஐஸ்கிறீம் ஃப்ரீஸரில் இருந்தவற்றில் பத்துக் குழாயையும் கொழும்பில் இருந்த அவற்றின் மறுபாதியையும் ஒப்பிட்டு, அளவு மாறவில்லை என்று ஓர் அட்டவணை போட்டதும் மதிப்பீட்டாளர் வாயடைத்தார். நோயாளிகள் சொன்ன வரலாறு மேலதிகாரியின் முன்னிலையில் பெறப்பட்டதால் முதல் தடவை பிழையாகிவிட்டது என்று தன் குற்றத்தையும் ஒரு முழுப் பந்தியில் எழுதினாள். பேராசிரியை அந்தப் பந்தியை எடுத்துவிடச் சொன்னார். அவள் மறுத்தாள். வெளிநாட்டிலிருந்து வந்த நான்கு கடிதங்களும் அந்தப் பந்தியைப் பற்றித்தான் கேட்டன. கலாநிதிப் பட்டமும் கிடைத்தது. தோட்டத்துச் சந்தியில் பேனர் கட்டினார்கள், டாக்டர் தனுஜா என்று, ஸ்டெதஸ்கோப் படம் போட்டு. மறுநாள் வாசலில் வழக்கத்தைவிட நான்கு முழங்கால் அதிகம்.

வேலை இன்னும் தற்காலிகம்தான். இந்த மாதமும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

ஜீவராணிக்குத் தேயிலை ஸ்டோரில், தூள் சலிக்கிற இடத்தில் வேலை கொடுத்திருந்தார்கள். போன வாரம் தனுஜா வந்தபோது அவள் வாசலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். என்ன சளியா என்றாள் தனுஜா.

"சளியில்ல. ஸ்டோருக்குள்ள போனா தும்மலா வருது, வெளிய வந்தா நிக்கிது. எனக்கு மட்டுமில்ல, அங்கன நாலஞ்சு பேருக்கு இப்புடித்தான்." ஜீவராணி ஒரு தடவை தும்மி முடித்தாள். "ராத்திரில நெஞ்சு விசிலடிக்கிது."

தனுஜாவுக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். இத்தனை பாடுபட்டு மலையிலிருந்து இறக்கிவிட்ட இடம் தேயிலைத் தூசி மண்டியதா என்று. தூசிக்கும் ஒவ்வாமை உண்டு, அதையும் ரத்தத்தில் பார்க்கலாம், புது விண்ணப்பம், புது அனுமதி, சுங்கம். நினைக்கும்போதே களைப்பாக இருந்தது. உள்ளே வா என்று அவளைக் கூட்டிப்போய்க் காம்பராக் கதவைச் சாத்திவிட்டு, கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஜீவராணிக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள்.

"எந்த நாளுல இருந்து? மொதல்ல இருந்து சொல்லு. யாரும் இல்ல."